மூங்கில் சைக்கிளும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர்களின் மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நான்கு மாதமாக மொட்டை மாடியில் மூங்கில், சணல், பிசின் எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு சைக்கிள் செய்துகொண்டிருக்கிறான். வெல்டிங் கிடையாது. இரும்புக் குழாய் கிடையாது. ஃப்ரேம் முழுக்க மூங்கில். மூட்டுகளில் பிசினில் ஊறிய நாரைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறான்.

போன வாரம் அவன் அம்மா கீழே வந்தார். "சார், நீங்க சொன்னா கேப்பான். இதை ரோட்டுல ஓட்ட விடலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவனிடம் கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. கோப்பு ஒரு சுற்று சுற்றித்தான் வரும். ஒரு வாரம் சுற்றியது. இந்தப் பதிவு அந்தப் பதில்தான்.

முதலில் தெருவின் கருத்துகளைச் சொல்லிவிடுகிறேன். பையனின் அப்பாவுக்கு இது காசைக் கரியாக்கும் வேலை. வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் மாடிக்கே வந்து பார்த்துவிட்டு, "ஃப்ரேம்னா வெல்டிங்தான் தம்பி, இதெல்லாம் கொலு பொம்மை" என்றார். எதிர்வீட்டுப் பாட்டி எல்லோரையும் மிஞ்சிவிட்டார்: "மூங்கில்ல ஏறிப் போறது ஒரே ஒரு தடவைதான்டா கண்ணு."

பாட்டிக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். பாடை மூங்கில்தான், ஒப்புக்கொள்கிறேன். கல்யாணப் பந்தலும் மூங்கில்தான். நெல் புடைக்கும் முறமும், பூக்கூடையும், புல்லாங்குழலும் அதுதான். நம் ஊரில் மாடி மேல் மாடி எழும்பும்போது ஆட்கள் ஏறி நின்று பூசுகிற சாரத்தைப் பாருங்கள். சவுக்கும் மூங்கிலும் கயிற்றால் கட்டியவை. ஒரு ஆணி இல்லை, ஒரு வெல்டிங் இல்லை. அதன்மேல் ஆளும் சட்டியும் சிமெண்டுமாக நிற்கிறார்கள். கட்டுமரம் என்ற பெயரே கட்டிய மரம் என்பதால் வந்தது. அந்தச் சொல்லை ஆங்கிலமும் பிரெஞ்சும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு இன்றுவரை வைத்திருக்கின்றன. கட்டி நிறுத்துவது என்பது நமக்குப் புதிய வித்தையல்ல.

பட்டறைக்காரருக்கு அடுத்த பதில். அவர் சொல்வது போல சைக்கிள் என்றாலே வெல்டிங் என்பது சரியல்ல. நம் தலைமுறை ஓட்டிய கறுப்பு ஹெர்குலிஸ், ராலே வண்டிகளில் குழாய்கள் வந்து சேரும் இடங்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அங்கே மேலே ஒரு சட்டை மாட்டியதுபோல ஓர் இணைப்புத் துண்டு இருக்கும். குழாயை அதற்குள் செருகி, உருக்கிய பித்தளையை உள்ளே ஓடவிட்டு இறுக்குவார்கள். பித்தளை குறைந்த சூட்டில் உருகும். அதனால் இரும்புக் குழாய் உருகாமல் தன் பலத்தோடு இருக்கும். அதுவும் ஒரு வகையில் ஒட்டு வேலைதான். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் வந்தது. குழாய் செய்ய ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் 1955-இல் வந்தது. இந்தச் சென்னைப் புறநகர்தான் நாட்டுக்கே சைக்கிள் கொடுத்த இடங்களில் ஒன்று. இங்கே பிறந்த பையன் சைக்கிள் செய்யாமல் வேறெந்த ஊர்ப் பையன் செய்வான்?

மூங்கில் சைக்கிளும் இவன் கண்டுபிடித்தது அல்ல. 1890-களிலேயே இங்கிலாந்தில் மூங்கில் சைக்கிள் விற்றிருக்கிறார்கள். அப்போது மூட்டுகள் உலோகம். உலோகக் குழலில் மூங்கிலைச் செருகினார்கள். மூங்கில் காயக் காயச் சுருங்கும், உலோகம் சுருங்காது. அந்த வகைச் சேர்க்கையில் ஆட்டம் காண்பது இயல்பு. நூறு வருடம் கழித்து, 1995-இல், கலிபோர்னியாவில் கிரெய்க் கால்ஃபீ என்ற சைக்கிள் வடிவமைப்பாளர் மறுபடி கையில் எடுத்தார். அவருடைய நாய் ஒரு மூங்கில் குச்சியைக் கடித்துக் கடித்துப் பார்த்தும் உடைக்க முடியவில்லையாம். அதிலிருந்து வந்த யோசனை. அவர் உலோக மூட்டை விட்டுவிட்டு, சணல் வகை நாரை எபாக்சி பிசினில் நனைத்து மூட்டுகளில் சுற்றினார். பிறகு கானா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்த முறை பரவியது. நம் நாட்டில் புனேயில், விமானப்படையில் விங் கமாண்டராக இருந்து ஓய்வுபெற்ற சசிசேகர் பாதக் 'பாம்பூச்சி' என்ற பெயரில் மூங்கில் சைக்கிள் செய்கிறார். ஓய்வுபெற்றவர்கள் என்னைப் போலப் பதிவு மட்டும்தான் எழுதுவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கார்பன் ஃபைபர் கதை இதற்குப் பெரியண்ணன். 1986-இல் கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றது லுக் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கார்பன் ஃப்ரேமில். இரும்பும் அலுமினியமும் ஆண்டுவந்த பந்தயத்தை நாரும் பிசினும் கைப்பற்றிய வருடம் அது. பிரெஞ்சுக்காரர்கள் சைக்கிளைச் செல்லமாகச் 'சின்ன ராணி' என்பார்கள்.

பிரெஞ்சுப் பேச்சு வந்ததால் இன்னொன்று. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதில் சைக்கிள் ஃப்ரேமுக்குக் 'காத்ர்' என்று பெயர். பிறகு அரசாங்க வேலைக்கு வந்து எஸ்டாப்ளிஷ்மெண்ட் செக்‌ஷனில் உட்கார்ந்தபோது, நாள் முழுக்கக் 'கேடர்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டினேன். எந்தக் கேடரில் எத்தனை பேர், எந்தக் கேடர் காலி. இரண்டும் ஒரே சொல்தான் என்பது சில வருடம் கழித்துத்தான் உறைத்தது. சட்டம், சட்டகம். எல்லாவற்றையும் தாங்குவது அது. ஆனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை, உடைகிறவரை.

நார்-பிசின் சேர்க்கை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பையன் எனக்கு விளக்கினான். நான் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நார் இழுப்பைத் தாங்கும், ஆனால் தானாக நிற்காது. பிசின் நிற்கும், ஆனால் தனியாக இருந்தால் நொறுங்கும். இரண்டும் சேர்ந்தால் நாரைப் பிசின் இடத்தில் பிடித்து வைக்கிறது. பாரத்தை நார் வாங்கிக்கொள்கிறது. மண்சுவருக்கு வைக்கோல் கலந்து மிதித்தவர்கள் நம் முன்னோர், அதே கணக்கு. புதுச்சேரி திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளும் கிட்டத்தட்ட இந்த ஜாதிதான். மூங்கிலே இயற்கை செய்த நார்-பிசின் சேர்க்கை. இதில் முக்கியம் திசை: எந்தப் பக்கம் இழுப்பு வருமோ அந்தப் பக்கம் நார் ஓட வேண்டும். இரும்புக்கு எல்லாத் திசையும் ஒன்று; நாருக்கு அப்படியில்லை.

இதற்கு நம் மண்ணில் உதாரணம் வேண்டுமானால் தூரம் போக வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள்தான். அப்துல் கலாம் 1950-களில் விமானப் பொறியியல் படித்தது இங்கே பக்கத்தில், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில். போலியோ பாதித்த குழந்தைகள் 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிபரை மாட்டிக்கொண்டு காலை இழுத்து நடப்பதை ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் பார்த்துவிட்டு, ஏவுகணைக்காக உருவாக்கிய இலேசான பொருளில் 300 கிராமில் காலிபர் செய்து கொடுத்ததைத் தன் வாழ்வின் பெரிய சந்தோஷங்களில் ஒன்றாகக் கடைசிவரை சொன்னார். எடையைக் குறைப்பது சொகுசு என்று நினைப்பவர்கள் அந்தக் குழந்தைகளை நினைத்துக்கொள்ளட்டும்.

நம் ஊர்ப் பெயருக்கே இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. மகாபாரதத்து அஸ்தினாபுரத்திலிருந்து பாண்டவர்களை வாரணாவதத்துக்கு அனுப்பினார்களே, அங்கே கட்டிய அரக்கு மாளிகையில் என்னென்ன இருந்தன? அரக்கு, மரப்பிசின், சணல், புல், மூங்கில், நெய். நெய்யை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட இந்தப் பையனின் மொட்டை மாடிதான். அந்த மாளிகை பார்க்க அழகாக இருந்தது; உள்ளே இருந்தது வேறு. தருமருக்கு வாசனையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு இங்கேதான் பிடி கிடைத்தது.

ஏனென்றால் என் பயம் மூங்கிலைப் பற்றியது அல்ல. அது 1967-ஆம் வருடத்துப் பயம்.

அப்போது என் அத்தை மகனிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. ஹேண்டில் பாருக்குக் கீழே, பார் வந்து சேரும் இடத்தில் விரிசல். ஒரு பட்டறையில் கொடுத்து வெல்டிங் வைத்து, மேலே பளபளவென்று வெள்ளி பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். புது வண்டி மாதிரி இருந்தது. கடலூர் சாலையில் அரியாங்குப்பம் பாலத்து இறக்கத்தில் அவன் ஓட்ட, நான் கேரியரில். வெல்டிங் வைத்த இடம் அப்படியே இருந்தது. அதன் ஓரம் விட்டது. சூடு பட்ட ஓரம்தான் எப்போதும் பலவீனம் என்று எனக்கு இப்போது தெரியும். எனக்கு முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. அவனுக்கு வலது தோள் எலும்பு. கூடியது, ஆனால் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அடுத்த வருடம் போலீஸ் வேலைக்கு உடல் தகுதித் தேர்வில் கையைத் தூக்கச் சொன்னார்கள். அவன் திரும்பி வந்துவிட்டான். கடைசிவரை மளிகைக் கடையில் கணக்கு எழுதினான். நல்ல கையெழுத்து.

ஆகவே இரும்பு பத்திரம், மூங்கில் ஆபத்து என்று நான் சொல்லமாட்டேன். இரும்பு உடைந்துதான் அவன் விழுந்தான். உண்மையில் அந்தப் பெயிண்ட்தான் எங்களை ஏமாற்றியது. விரிசல் தெரிந்திருந்தால் அன்றைக்கு நடந்து போயிருப்போம்.

இதைப் பையனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். "எந்தத் தேதி, எந்த மூட்டு, எவ்வளவு பிசின், எவ்வளவு ஹார்ட்னர், எத்தனை சுற்று, வெயிலா மழையா. எழுது. எழுதாத வேலை செய்யாத வேலை" என்றேன். சிரித்தான். "தாத்தா, சைக்கிளுக்கு ரிஜிஸ்தரா?" என்றான். ஆமாம்டா என்றேன்.

ரிஜிஸ்தர் ஏன் வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் மையம். வெல்டர் கையில் வரும் குழாய் ஆவடியிலோ வேறெங்கோ ஆலையில் செய்து சோதித்து வந்தது. அவர் செய்வது மூட்டு மட்டும். ஆனால் நாரும் பிசினும் வைத்து வேலை செய்கிறவன் மூட்டை மட்டும் செய்யவில்லை. அந்த நிமிடத்தில் அந்தப் பொருளையே செய்கிறான். பிசினும் ஹார்ட்னரும் கலக்கும் விகிதம் தவறினால் அங்கே இருப்பது வேறு பொருள். ஆலையும் அவனே, தரச்சோதனை அதிகாரியும் அவனே. நெருப்பு வேண்டாம், கேஸ் சிலிண்டர் வேண்டாம், மொட்டை மாடி போதும் என்பது இந்த முறையின் பெரிய நன்மை. தவறு செய்தால் சொல்ல வேறு ஆள் இல்லை என்பது அதன் பெரிய கெடுதல்.

அந்த நோட்டுதான் ஒரு நாள் காட்டிக்கொடுத்தது. சீட்டுக்குக் கீழே மூன்று மூங்கில் சேரும் மூட்டு. மற்ற மூட்டுகளுக்கெல்லாம் கிராம் கணக்கு இருந்தது. இதற்குத் தேதி மட்டும் இருந்தது, அளவு இல்லை. "இது என்னப்பா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்றைக்குத் தராசில் பேட்டரி போய்விட்டதாம். கண்ணளவில் ஊற்றினானாம். இரண்டு நாள் கழித்தும் விரலில் பிசுபிசுத்ததாம். பிரிக்க மனமில்லாமல் மேலே இன்னும் இரண்டு சுற்று நல்ல பிசினில் சுற்றிவிட்டானாம். வெளியே தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. உள்ளே அரக்கு மாளிகை.

நான் ஒன்றும் திட்டவில்லை. வெள்ளி பெயிண்ட் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலை ரம்பச் சத்தம் கேட்டது. ஒரு மாத வேலையை அறுத்து எறிந்துவிட்டுப் புது மூங்கிலில் மறுபடி ஆரம்பித்திருந்தான்.

செய்ய நினைக்கும் மற்ற பிள்ளைகளுக்காக, பார்த்துத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள். பச்சை மூங்கில் கூடாது. நிழலில் மாதக்கணக்கில் காய வேண்டும். மூங்கிலில் மாவுச்சத்து இருப்பதால் உளுத்துப்போகும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பது வழக்கம். தேய்பிறையில் வெட்டு என்று பெரியவர்கள் சொன்னதும் உளுக்குப் பயந்துதான். படகுக்காரர்கள் உபயோகிக்கும் பாலியெஸ்டர் பிசின் விலை குறைவு, ஆனால் மூங்கிலிலும் இரும்பிலும் எபாக்சி மாதிரி ஒட்டாது. அந்தப் பாலியெஸ்டர் வகையில் வரும் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும், விளையாட்டல்ல. எபாக்சியையும் ஒரே டப்பாவில் நிறையக் கலந்தால் சூடேறிப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் அலர்ஜி வரும், வந்தால் சுலபத்தில் போகாது. உப்புத்தாள் போடும்போது வரும் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். சுற்றிய மூட்டின்மேல் பஞ்சரான ட்யூபை நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டினால் அதிகப் பிசின் வெளியே பிதுங்கிவிடும். இது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம்.

அவனுடைய ஃப்ரேமில் பெடல் அச்சு சுழலும் குழலும், ஹேண்டில் நுழையும் குழலும், பின் சக்கரம் மாட்டும் துண்டுகளும் இரும்புதான். ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிள் மூன்று மழைக்காலம் வாசலில் நின்று ஃப்ரேம் துருப்பிடித்துப் போயிருந்தது, அதிலிருந்து அறுத்தெடுத்தான். சக்கரமும் செயினும் அதிலிருந்தே. முன் ஃபோர்க் மட்டும் கடையில் வாங்கிய புது இரும்பு ஃபோர்க். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் ஏதாவது உடைந்தால் இறங்கிவிடலாம். முன்னால் உடைந்தால் முகம்தான்.

மறுபக்கத்தையும் சொல்வது நியாயம். இது மலிவு அல்ல. செலவுக் கணக்கையும் நோட்டில் எழுதச் சொன்னேன், அந்தப் பணத்துக்கு நல்ல பழைய வண்டி ஒன்று கிடைத்திருக்கும். இயற்கைக்கு நல்லது என்று தம்பட்டம் அடிப்பதையும் நான் ஏற்கவில்லை. மூங்கில் மக்கும், இறுகிய எபாக்சி மக்காது. இரும்பு உடைவதற்கு முன் பெரும்பாலும் வளையும், முனகும். கார்பன் அந்த மரியாதையெல்லாம் கொடுக்காது. எல்லாவற்றுக்கும் மேல், இரும்பு சைக்கிள் எந்தக் கிராமத்தில் உடைந்தாலும் அங்கே ஒட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார். அந்த வசதியை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. எல்லோரும் மூங்கில் சைக்கிளுக்கு மாறுங்கள் என்று யாராவது சொன்னால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

ஆனால் கேள்வி அதுவல்ல. ஒரு பையன் தன் கையால் செய்ததைத் தான் ஓட்டலாமா என்பதுதான் கேள்வி. ஓட்டலாம் என்பது என் கருத்து. மூன்று நிபந்தனைகள்.

ஒன்று, ஃப்ரேமுக்குப் பெயிண்ட் கூடாது. மேலே தெளிவான வார்னிஷ் மட்டும். வெயில் எபாக்சியைக் கெடுக்கும் என்பதால் அது தேவை. ஒவ்வொரு மூட்டும் வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாரம் ஒருமுறை விரலால் தடவி, காசால் தட்டிப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். சத்தம் மாறினால் வண்டி நிற்க வேண்டும்.

இரண்டு, சோதனை. கம்பெனி சைக்கிள்களுக்கு ஐ.எஸ்.ஓ. 4210 என்று ஒரு தரம் இருக்கிறது. அதில் பெடல் மிதிப்பது போன்ற விசையை ஃப்ரேமுக்கு 1,00,000 தடவை கொடுத்துப் பார்ப்பார்கள். மொட்டை மாடியில் அது முடியாது. நூல் கட்டி நேராக இருக்கிறதா என்று பார்க்கலாம், பார்த்தாயிற்று. கொத்தனார் பார்ப்பது போலத்தான். மணல் மூட்டை ஏற்றி இரவு முழுக்க வைக்கலாம், வைத்தாயிற்று. மீதியை அவனுடைய பாலிடெக்னிக்கில் கேட்கச் சொன்னேன். நம் கல்லூரிகளில் சோதனை இயந்திரங்கள் எத்தனையோ துணி போர்த்தி நிற்கின்றன. மாணவன் தானே செய்த ஒன்றைக் கொண்டுவந்து, உடைத்துக் காட்டுங்கள் என்று கேட்டால், அதைவிட நல்ல பிராக்டிகல் வகுப்பு என்ன இருக்கிறது? ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து மறுக்காதீர்கள். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகளுக்கு நடுவில், அறுத்து எறிந்து மறுபடி செய்கிற பிள்ளை அபூர்வம்.

மூன்று, ஆறு மாதம் வரை ஜி.எஸ்.டி. சாலைக்குப் போகக் கூடாது, கேரியரில் தங்கையை ஏற்றக் கூடாது. தன் எலும்புக்குத் தான் பொறுப்பேற்கலாம். அடுத்தவர் எலும்பு வேறு கணக்கு. கேரியரில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நேற்று மாலை இதையெல்லாம் அவன் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப பயமில்லைங்களா சார்?" என்றார். பயம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்தச் சீட்டு மூட்டை அவனே அறுத்த அன்றைக்குப் பாதி குறைந்துவிட்டது என்றேன். அவருக்கு அந்தக் கதை தெரியாது. பையன் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் முழுதாகச் சொல்லவில்லை. நோட்டைப் படித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இன்று காலை எங்கள் தெருவிலிருந்து ராஜேந்திர பிரசாத் சாலை முனை வரை போய்த் திரும்பி வந்தான். எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவனிடம், "சரி, இரண்டாவது தடவையும் ஏறிக்கோ" என்றார். அவன் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதலில் நோட்டை எடுத்தான்.